ஏறாத வண்டி

பாடை கட்ட இடம் வேண்டுமென்று, வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை நாலு பேர் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது அசைவேனா என்றது. ஒருவன் கைப்பிடியை முறுக்கினான், ஒருவன் பின்னால் தோள் கொடுத்தான். வேர்த்து விறுவிறுத்ததுதான் மிச்சம்.

"பெட்ரோல் தொட்டி ஓரத்துல ஒரு கம்பி இருக்குது பாருங்க. அத நடுவுக்குத் தள்ளுங்க, அப்பறந்தான் உருளும்," என்றாள் பாவாயி, கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்திருக்காமலே.

தள்ளினார்கள். உருண்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். புருசன் செத்துக் கிடக்கையில் இவளுக்கு மோட்டார் வேலை எப்படித் தெரிந்தது என்று அந்தப் பார்வை கேட்டது.

தெரியாமல் எப்படி இருக்கும்? தினமும் காலையில் வெள்ளியங்கிரி அதை மாட்டுக்கொட்டகையிலிருந்து வாசலுக்கு உருட்டிவந்து துடைப்பார். பொழுது சாய்ந்ததும் திரும்ப உருட்டிக்கொண்டு போய்க் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் நிறுத்துவார். பூசணிக்கொடிக்குக்கூட அவர் அவ்வளவு பாடுபட்டதில்லை. ஏறி ஓட்டியது மட்டும் கிடையாது. ஓட்ட விடாதவள் பாவாயிதான்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பியபோது விற்றுவிட்டுப் போன வண்டி அது. துரையின் டிரைவர் அங்கமுத்துதான் மலையிலிருந்து இறக்கி, சேலம் வழியாக நாமக்கல் சாலையில் ஓட்டிவந்து இந்த வாசலில் விட்டான். அது வந்த சத்தத்தில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அன்றைக்கு வெள்ளியங்கிரிக்கு ஐம்பது வயது நிறைந்திருந்தது. சாதாரண சைக்கிள்கூட மிதித்தறியாத மனிதர்.

"இது பழகாத ஆளுக்கு ஆகாதுங்க," என்று அங்கமுத்து அப்போதே சொன்னான். "குதிரையாட்டம் துள்ளும். சின்ன வண்டியா ஒன்னு வாங்கி ரெண்டு வருசம் ஓட்டிப் பழகுங்க. அப்பறம் இதத் தொடலாம்."

"அம்பது வயசுக்கு மேல ரெண்டு வருசம் பழகிட்டு, அப்பறம் எப்படா நான் இத ஓட்டறது?" என்றார் வெள்ளியங்கிரி.

அங்கமுத்து சிரித்துவிட்டுக் கால்சட்டையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினான். வலது கெண்டைக்காலின் உள்பக்கத்தில், குழாய் அகலத்துக்கு நீளமாக ஒரு தழும்பு.

"மாட்டுக்கு நாம சூடு போடறோம். இது நமக்குச் சூடு போடுமுங்க. சும்மா நிக்கறப்ப இந்தப் பொகைக்கொழாயி பச்சத்தண்ணியாட்டந்தான் இருக்கும். ஓடி நின்னதும் காலக் கீழ எறக்குவீங்க பாருங்க, அப்பப் புடிச்சுக்கும். புதுசா ஓட்டற எவனும் தப்புனதில்லீங்க."

இதைக் கேட்ட பிறகும் பெண்டாட்டி சும்மா இருப்பாளா? அதற்குள் வெள்ளியங்கிரியின் அக்கா சின்னாயி வேறு சாலப்பாளையத்திலிருந்து மூச்சிரைக்க வந்துவிட்டாள். "தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கு புள்ள. இல்லாட்டி எந்தம்பியப் பொறுக்கி எடுத்து மூட்டதான் கட்டோணும்" என்று யோசனை சொன்னதே அவள்தான். பாவாயி முடியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அவர் ரொம்ப நேரம் வண்டியையே பார்த்தார். பிறகு, ஓட்டமாட்டேன் என்று அவள் உச்சந்தலையில் கையை வைத்துச் சொன்னார். பொய்ச் சத்தியம் பண்ணினால் அந்தத் தலை வெடித்துப்போகும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி.

இன்று விடியற்காலை அவர் வழக்கம்போல வண்டியை வாசலுக்கு உருட்டிவந்து நிறுத்திவிட்டு, பால் கறந்துகொண்டு வந்தார். குண்டாவை இறக்கி வைத்தார். "நெஞ்சக் கரிக்குது, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று கட்டிலில் உட்கார்ந்தார். அவள் சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் முதலில் கேட்டது ஒரே கேள்வியைத்தான்.

"வண்டியில இருந்து உழுந்துட்டாரா?"

"இல்லீங்க. கட்டல்லதான்."

சிலர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது. வழியெல்லாம் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள், பாவம்.

உச்சிப்பொழுதுக்குச் சின்னாயி வந்து சேர்ந்தாள். வாசலோரம் தள்ளி நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, தம்பியின் காலடியில் விழுந்து ஒப்பாரி எடுத்தாள்.

"ஆனையாட்டம் வண்டி வாங்கி
அழகு பாத்த எம்பொறப்பே
ஏறி நீ ஓட்டு முன்னே
எமன் வண்டி வந்ததென்ன
கட்டுத்தறி மாடாட்டம்
கட்டி வெச்சா உன்ன இங்கே..."

கட்டி வைத்தது யார் என்று பாட்டில் பெயர் வரவில்லை. வரத்தேவையும் இல்லை. பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு பாவாயியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஆசை தீராமல் போன உயிர் வாசலைத் தாண்டாது என்று பந்தலடியில் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. சத்தியம் வாங்கச் சொன்னவளே இன்று பாடுகிறாள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பாட்டில் பொய் ஒன்றும் இல்லையே.

அதுதான் அவளைப் போட்டு அறுத்தது. ஒரு சாவிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அந்த மனிதரின் ஒரே ஆசையைக் கொட்டகையில் கட்டி வைத்தாள். சாவு பால் குண்டாவோடு வந்து கட்டிலிலேயே கொண்டுபோய்விட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏரிக்கரை வரைக்கும் போய்வரட்டும் என்று விட்டிருக்கலாம். விழுந்து கை கால் போயிருந்தாலும் ஓட்டினோம் என்றாவது இருந்திருக்கும். இதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

வெயில் இறங்க ஆரம்பித்ததும் குளிப்பாட்டப் பலகையில் கிடத்தினார்கள். சுற்றிலும் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். தலைமாட்டில் சின்னாயி அரப்புப் பொடியைக் குழைத்துத் தலையில் தேய்த்தாள். கால்மாட்டில் பாவாயி தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்தாள்.

வலது காலில் அந்தத் துணிக்கட்டு அப்படியே இருந்தது. போன மாதம் நாமக்கல்லில் தன் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு அவள் திரும்பியபோது அவர் காலில் கட்டு இருந்தது. கேட்டதற்கு, வேலாமுள் கிழித்துவிட்டது என்றார். அவள்தான் குப்பைமேனி அரைத்துக் கொடுத்தாள். "நீ தொட்டாக் கூசுது, போ" என்று முதுகைக் காட்டிக்கொண்டு தானே போட்டுக்கொள்வார். இந்த வயதில் என்ன கூச்சம் என்று அவளும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தாள்.

முள் கிழித்த கோடு எங்கேயும் இல்லை. கெண்டைக்காலின் உள்பக்கத்தில், குழாய் அகலத்துக்கு நீளமாக, பாதி ஆறிய சூட்டுக்காயம். அதற்குச் சற்று மேலே இன்னொன்று. அது ஆறிக் கறுத்திருந்தது.

பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். சேலை மறைப்பின் இடுக்கில் வாசல் தெரிந்தது. வண்டிக்குப் பக்கத்தில் அங்கமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கை தானாகப் போய் உச்சந்தலையைத் தொட்டது. தலை இருந்தது. இத்தனை நாளில் ஒரு தலைவலிகூட வந்ததில்லை. திருடன், என்று மனசுக்குள் சொன்னாள். சரியான திருடன். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் உருண்டு விழுந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏறி நீ ஓட்டு முன்னே..." என்று தலைமாட்டில் சின்னாயி மறுபடியும் ஆரம்பித்தாள்.

ஒரு வார்த்தை போதும். இந்தக் காலைத் தூக்கிக் காட்டினால் பாட்டும் நிற்கும், பார்வைகளும் நிற்கும். ஆனால் பெண்டாட்டி தலையில் பொய்ச் சத்தியம் பண்ணின மனிதன் என்ற பேரோடு அவர் காட்டுக்குப் போவார்.

"காலுல என்ன புள்ள அது?" என்று பாட்டை நிறுத்திவிட்டுச் சின்னாயி எட்டிப் பார்த்தாள்.

பாவாயி அதற்குள் துணியைச் சுற்றி, பழைய முடிச்சையே போட்டிருந்தாள்.

"முள்ளுக் கிழிச்சதுங்க நங்கையா. ஏரிக்கரைப் பக்கம் போனாங்களாட்டம் இருக்குது."

சின்னாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். பாவாயி குளிர்ந்த தண்ணீராகப் பார்த்து ஒரு சொம்பு மொண்டு, அந்தக் கட்டின் மேல் மெல்ல மெல்ல ஊற்றினாள்.