தகட்டுக்குள் தட்டுபவன்

என் கணவர் ரிஸ்பெக்கின் தொடையிலிருந்து சத்தம் வருவதை முதலில் கேட்டவள் நான்தான். சேணத்திலிருந்து இறங்கும்போது, முறிந்த எலும்போடு டாக்டர் திருகியிருந்த உலோகத் தகடு 'டிக்' என்றது.

"தம்பி தட்டுறான்" என்றார் அவர், சிரிக்காமல்.

பனிக்காலத்தில் கணவாயில் குதிரை சறுக்கி அவரும் அவர் தம்பியும் விழுந்தார்கள். அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. தம்பி எழவேயில்லை. கொழுந்தன் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, எங்கள் மலைநாட்டு வழக்கத்தில். அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் 'சிரிப்புத் தம்பி'.

நாரின் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜுமாலி எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

"காலை ஊனாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"ஊனவே இல்லீங்க டாக்டர். எங்க போனாலும் குதிரையிலதான் போனேன். நடந்ததெல்லாம் குதிரை!"

"யோவ், குதிரையை எதால இறுக்கிப் பிடிச்சே? காதாலயா?" டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "எலும்பு கூடுற வரைக்கும்தான் தகடு தாங்கும். உன் எலும்பு இன்னும் கூடல. ஒவ்வொரு அசைவுக்கும் தகடு வளைஞ்சு வளைஞ்சு சோர்ந்து போச்சு. பாரு, திருகு ஓட்டைகிட்ட மயிரிழை விரிசல். ஒடைஞ்சா காலே போயிடலாம். இன்னிக்கே படு."

"நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

காலையில் பார்த்தால் குதிரைமேல் இருக்கிறார், கணவாய்ப் பக்கம் முகம் வைத்து.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"அவன் கல்லறைக்கு. கடிவாளத்தை விடு."

"ஆஸ்பத்திரிக்கு?"

"இதை எடுத்துட்டா அவன் எங்கே வந்து தட்டுவான், சொல்லு?"

அவர் தொடையில் காதை வைத்தேன். குதிரை மூச்சுவிட்டது. டிக். யாரோ கதவுக்கு வெளியே பொறுமையாக நின்று தட்டுவதுபோல.

"மிர்லான்!" என்றேன்.

சேணத்தின்மேல் அவர் திடுக்கிட்டார். தம்பியின் பெயரை என் வாயால் அவர் கேட்டதேயில்லை.

"மிர்லான், போதும். உங்க அண்ணனை எனக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க."

தொடையிலிருந்து மறுபடி 'டிக்' வரவில்லை. பிறகு அவர் குனிந்து என் தலைத்துணியைத் தொட்டார்.

"பக்கத்து வீட்டு வண்டியைக் கூப்பிடு. மெதுவா எறக்கு என்னை."

தகட்டை எடுத்தபோது, ஒட்டிக்கொண்டிருந்தது ஓர் இழைதான் என்றார் டாக்டர். துணியில் சுற்றிக் கொடுத்தார். மிர்லான் கல்லறையின் தலைமாட்டில் நானே புதைத்தேன்.

இப்போது தொடைக்குள் புதுக் கம்பி. குதிரை மாமனார் கொட்டகையில். எலும்பு கூடி வருகிறது, சத்தம் இல்லை.

நேற்று மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் கட்டிலில் கால் நீட்டி மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். வாசற்படியில் கேட்டது.

டிக்.

திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி வைத்தேன்.

"உள்ள வாங்க, சிரிப்புத் தம்பி" என்றேன். "சத்தம் போடாதீங்க. அவர் தூங்கட்டும்."