நிறுத்தச் சொல்லப் போனவர்

அப்ஸானாவின் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் தஸ்லீமா வாசல் பக்கமே பார்த்தாள். கணவன் ஷாஹுல் இன்னும் திரும்பவில்லை.

"முடியை விரல் விட்டுக் கோதும்மா," என்றாள் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த பக்கத்து வீட்டு நூர் பீவி. "அவர் வந்துருவாரு."

ஏழு வயது மகள் அப்ஸானாவுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். ரங்கூனில் அதன் பெயரைச் சொல்லத் தெரிந்த டாக்டர் ஒருவர்தான். பாங்காக் கொண்டுபோகச் சொன்னார். அதற்குப் பணம் சேர்க்கத்தான் தஸ்லீமாவின் தம்பி ஜுல்ஃபிகர் பந்தாட்டக் கூட்டாளிகளோடு இன்று கண்டோஜி ஏரியைச் சுற்றி ஓடினான். ஒவ்வொரு சுற்றுக்கும் பபேடான் பகுதிக் கடைக்காரர்கள் பணம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவளையும் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டுவதாக இருந்தது. விடியும்போது அவளுக்கு மூச்சு முட்டியது. சைக்காக்காரர் வந்து மணியடித்தபோது மூச்சு நின்று மௌத்தாகியிருந்தாள்.

ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஜுல்ஃபிகரைக் கூட்டிவருவதாகச் சொல்லி, அதே சைக்காவில் ஷாஹுல் போனான்.

வெள்ளைக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தபோது அவன் தனியாகப் படியேறி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தம்பி எங்க?"

"எல்லாரும் கீழ நிக்கிறாங்க. மேல வரத் தயங்குறாங்க."

"போனதும் சொல்லலையா?"

ஷாஹுல் சுவரில் சாய்ந்தான். "ஓடிக்கிட்டு இருந்தாங்க. சட்டையில இவ பேரு. ரோட்டுல நின்ன பர்மாக்காரங்கல்லாம் இவ பேரச் சொல்லிக் கை தட்டுறாங்க. எனக்கு வாய் வரல."

"அப்புறம்?"

"நானும் ஓடுனேன்."

"கைலியோடவா?"

"மடிச்சுக் கட்டிக்கிட்டு. முடிஞ்ச பிறகுதான் ஜுல்ஃபிகர்கிட்ட சொன்னேன்."

நூர் பீவி எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

"அவ்வளவு நேரம் நான் இங்க ஒத்தையா இருந்தேன்," என்றாள் தஸ்லீமா.

"தெரியும்."

மகளைத் தூக்கிப்போகச் சந்தூக் பெட்டி வந்துவிட்டதாகக் கீழேயிருந்து யாரோ சொன்னார்கள்.

அவன் மகளருகே உட்காரப் போனான். முழங்கால் மடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தான். செருப்பு அறுந்து வெறுங்காலோடு ஓடியிருந்தான். குதிகாலில் தோல் உரிந்து, ரத்தத்தோடு தாரும் அப்பியிருந்தது.

தஸ்லீமா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"காலை நீட்டுங்க."

நீட்டினான். அவள் மெல்ல ஊற்றினாள். ரத்தம் போயிற்று. தார் போகவில்லை. கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.