வலது விலாவுக்குக் கீழே

ஏழு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் பிசிஷியன் அசிஸ்டென்ட் முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள் சின்னவள். டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பரிசோதித்து வைத்தியம் பார்க்கும் வேலை என்று எத்தனை முறை விளக்கினாலும், அக்காள் கணவருக்கு அவள் அரை டாக்டர்தான்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, யார் வயிற்றிலாவது கைவைத்துப் பழக வேண்டியிருந்தது. லாரி ஓட்டும் அத்தான் தானாகவே சோபாவில் மல்லாந்தார்.

"நல்லா அமுக்கிப் பாரு. உங்க அக்கா சமையலையே தாங்குன வயிறு."

"மூளை அங்கதான் எங்கயாவது இருக்கும், தேடிப் பாருடி" என்றாள் உள்ளேயிருந்து அக்காள்.

சின்னவள் சிரித்துக்கொண்டே அவருடைய வலது விலாவுக்குக் கீழே விரல்களைப் பதித்தாள். "மூச்சை இழுங்க அத்தான்."

கல்லீரலின் விளிம்பு இறங்கி வந்து விரலில் இடித்தது. மெத்தென்று இருக்க வேண்டியது, மேடும் பள்ளமுமாகக் கெட்டித்திருந்தது. இன்னொரு முறை இழுக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை.

"என்ன, ரெட்டைப் புள்ளையா?"

"ஒரு ஸ்கேன் எடுத்துடலாம் அத்தான்."

"பரீட்சையே எழுதல, அதுக்குள்ள சீட்டு எழுத வந்துட்டா."

அக்காளும் சிரித்தாள். பழகாத கை, தப்பாகவும் இருக்கலாம் என்று சின்னவள் தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். முடியவில்லை. தினமும் போன் செய்தாள். லோடு இறக்கிவிட்டு வருகிறேன் என்றே இரண்டு வாரம் ஓட்டினார். கடைசியில் அவள் போனிலேயே அழுதுவிட்டாள். அந்த அழுகைக்குப் பயந்துதான் அவள் படிக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

ஸ்கேன் படங்களைப் பார்த்த பேராசிரியை அவளைத் தனியே அழைத்தார். "குடல்ல ஆரம்பிச்ச கேன்சர், கல்லீரல் பூரா பரவியிருக்கு. உன் கை சரியாத்தான் சொல்லியிருக்கு. உங்க வகுப்புல பாதிப் பேருக்கு இது தட்டுப்பட்டிருக்காது."

சின்னவள் படங்களை உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே அக்காள் எழுந்து வந்தாள். முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாணவி வாய் திறக்கக் கூடாது.

"கூப்பிடுவாங்க அக்கா."

"நீ சொல்லுடி. இதுக்குத்தானே படிக்கிற?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். அக்காள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அத்தானைச் சேர்த்த வார்டில் அவளுக்குப் பயிற்சி இருந்தது. சொந்தக்காரர் என்பதால் அவளைக் கண் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பார்வையாளர் நேரத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று உள்ளே போனாள். பக்கத்துப் படுக்கைக்காரரிடம், "டாக்டருங்களுக்கு முன்னாடியே என் மச்சினி கண்டுபிடிச்சா" என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையணையைச் சரிசெய்தாள்.

வார்டில் சேர்த்த ஒன்பதாவது வாரம் அவர் இறந்துபோனார்.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்த அக்காள் நிமிராமலே சொன்னாள்: "அன்னைக்கு நீ தொடாம இருந்திருந்தா, இன்னும் ஒரு மாசமாவது அவர் பாட்டுக்கு வண்டி ஓட்டிட்டு இருந்திருப்பார்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் சின்னவள். படித்த வரையில், அவ்வளவு பரவிய பிறகு தெரிந்துகொண்டும் பயனில்லை; அக்காள் சொன்னது தப்பில்லை.