கைமாறிச் சென்ற அட்டை

1

வியாகுலம்மாள் என்பது அவர் பெயர். இராயபுரத்தில் மீன் விற்பவர். பேருந்தில் இடம் இருந்தாலும் அமரார். முன்வாயிலருகே கம்பியைப் பற்றி நிற்பார். பின்னால் இருக்கும் நடத்துநருக்குப் பயணிகள் கொடுத்தனுப்பும் பணமெல்லாம் அவர் கைவழியே போகும். சீட்டும் சில்லறையும் அவர் கைவழியே திரும்பும். "திருவொத்தியூர் ரெண்டு, எண்ணூர் ஒண்ணு!" என்னும் அவர் குரலுக்கு நடத்துநரே அடங்கிவிடுவார்.

(இக்கதை பிறந்த இடமும் அதுவே. நெரிசலில் முகம் அறியாத ஒருவர் என் கையில் பணத்தைத் திணித்தார். நான் அடுத்தவர் கையில் திணித்தேன். சீட்டு பிழையின்றித் திரும்பியது. அயல்நாட்டில் இவ்வாறு நடக்குமா என்று வியந்தேன். அவ்வியப்புக்காகவே வியாகுலம்மாளைப் படைத்தேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "டப்ளின் நகரில் மழை பெய்துகொண்டிருந்தது. வியாகுலம்மாள் சன்னலருகே அமர்ந்து, ஊரை எண்ணிக் கண்ணீர்..."

வேண்டா. அவர் அத்தகையவர் அல்லர்.

மகள் ரெஜினா அயர்லாந்தின் டப்ளின் நகரில் செவிலியர். மூன்று மாதம் தங்கிச் செல்லும்படி தாயை அழைத்திருந்தாள்.

"தனியா பஸ்ஸு ஏறாதம்மா. இங்க கண்டக்டரே கெடயாது. ஏறுனதும் காசு போட்டு வெச்ச அட்டைய மெஷின்ல காட்டணும். காட்டலன்னா ஃபைனு."

"நம்மூர்ல லேடீஸுக்கு ஃப்ரீ. இங்க இன்னாடான்னா அட்டைய காட்டு, மூஞ்ச காட்டுன்றான். வூட்டுக்குள்ளயே பூட்டிகினு கெடக்கவா வந்தேன்? டிக்கெட்ட போடு, நான் கெளம்பறேன்."

ஊர் திரும்ப விமானச் சீட்டை வெள்ளிக்கிழமையன்று வாங்கித் தருவதாக ரெஜினா ஒப்புக்கொண்டாள். ஆகவே நீங்களும் நானும் அறிய வேண்டியது ஒன்றே: வியாகுலம்மாள் தங்குவாரா, திரும்புவாரா?

3

வியாழனன்று மகள் பணிக்குச் சென்றபின், மகள் வாங்கி வைத்திருந்த அட்டையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் புறப்பட்டார். பேருந்து வந்தது. இறங்குவோர்க்காக நடுவாயில் திறந்தது. திறந்த வாயிலில் ஏறுவதன்றி வேறு முறை அவர் அறியார், ஏறிவிட்டார். கதவு மூடிக்கொண்டது. இயந்திரமோ ஓட்டுநர் அருகில். இடையில் அடைத்த கூட்டம்.

(இங்கே ஒரு பரிசோதகரை ஏற்றினேன். அவர் வியாகுலம்மாளை நெருங்கி... இல்லை, இறக்கிவிட்டேன்.)

காசு கொடாமல் வந்தவள் என்னும் பெயரை மட்டும் வியாகுலம்மாள் பொறுக்கமாட்டார். முன்னால் நின்ற நெட்டையான வெள்ளைக்காரரின் தோளைத் தட்டினார்.

"நைனா, இத்த டிரைவராண்ட பாஸ் பண்ணு."

அவர் விழித்தார்.

"இன்னா முழிக்கிற? முன்னால குடு நைனா!"

மொழி புரியாவிடினும் அக்குரல் புரிந்தது. அட்டை நகர்ந்தது. சீருடை அணிந்த மாணவி, தலைப்பாகைக்காரர், குழந்தையை ஏந்திய தாய் என ஒவ்வொருவராக வாங்கி நீட்டினர். முன்னால் நின்றவர் அதை இயந்திரத்தில் காட்ட, 'பீப்' என்றது. பேருந்தே சிரித்தது. அட்டை வந்த வழியே திரும்பி, வியாகுலம்மாளின் கையில் அமர்ந்தது.

அடுத்த நிறுத்தத்தில் நடுவாயிலில் தாவி ஏறிய முதியவர் ஒருவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தம் அட்டையை அவரிடமே நீட்டினார்.

"ஒண்ணு!" என்று கூவி முன்னால் அனுப்பினார் வியாகுலம்மாள்.

(நம்பமாட்டீர்கள். நானும் கடல் கடந்தவன் அல்லன். ஆயினும் இவ்வரியை அடிக்க மனம் வரவில்லை.)

4

வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கடிந்துகொண்டார். மற்றொன்றில் அட்டை திரும்பவேயில்லை. இரண்டுக்கும் வியாகுலம்மாள் இணங்கவில்லை.

"இன்னா சார் நீ? எத்தினி பேரு காசு என் கையால போயி வந்துகீது! என்னுது மட்டும் வராம பூடுமா?"

இரண்டையும் அடித்துவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து முறைத்தாரா, சிரித்தாரா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அன்று மாலை மீனைக் கழுவியவாறே வியாகுலம்மாள் மகளிடம் கூறியதை மாற்றும் உரிமை மட்டும் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

"டிக்கெட்டு போடாத. நான் இங்கயே கீறேன்."