ஏழு நாள் சாவி

பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் மாற்றலுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ள நினைக்கும் இருவர் முதலில் சாவியை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். ஏழு நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ஏழு நாளும் அடுத்தவர் வண்டியில் ஸ்பேனர் படக்கூடாது. எட்டாம் நாள் காலையில் சந்தித்து, சரி அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

அவர் பதினான்கு வருடமாகச் சங்கத்தில் இருக்கிறார். இதுவரை யாருடனும் சாவி மாற்றியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அவர் வண்டி கரும்பச்சை நிறம். இரண்டு கதவு. அவரைவிட மூன்று வயது இளையது. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்றால்தான் வம்பு. சிக்னலிலோ தெருமுனையிலோ நின்றதும் இரண்டு தடவை தும்மிவிட்டு அணைந்துபோகும். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டரும் இழுக்காது. யாராவது தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

மனைவி இருந்தவரை அது ஒரு குறையாகவே படவில்லை. அவர் இறங்கித் தள்ளுவார். அவள் ஸ்டீயரிங்குக்கு நகர்ந்து, இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, "விடவா?" என்று கேட்பாள். "விடு" என்பார். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பும். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வரைபடம் வரைந்தவர் அவர். ஊரின் எல்லா மேடு பள்ளமும் தெரியும். எந்த இடத்தில் நின்றால் தள்ளுவது சுலபம் என்று பார்த்துத்தான் நிறுத்துவார்.

அவள் போன பிறகு முதல் தடவை வண்டி நின்றது கடைத்தெரு முனையில். தள்ளினால் ஸ்டீயரிங்கில் ஆளில்லை. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால் தள்ள ஆளில்லை. பதினோரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சலூன்காரர்தான் முதலில் வந்தார். கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. பிறகு எதிர்ச்சாரியிலிருந்து மருந்துக்கடைக்காரர். பிறகு லாண்டரி அக்கா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. இருபத்திரண்டு வருடம் அந்தத் தெரு வழியாகப் போய் வந்திருக்கிறார். மூவரில் ஒருவரிடமும் அதுவரை பேசியதில்லை.

அதன்பிறகு வாரத்துக்கு மூன்று தடவையாவது வண்டி அங்கே நின்றது. அவருக்குத் 'தள்ளு சார்' என்று பெயர் வந்தது. தள்ளும்போது மூச்சு வாங்கும். ஆளுக்கு இரண்டு மூன்று வாக்கியம்தான் பேச முடியும். அப்படித் துண்டு துண்டாகவே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சலூன்காரருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மருந்துக்கடைக்காரருக்கு மாத்திரை விழுங்க வராது. லாண்டரி அக்காவின் மகள் மூன்றாவது தடவையாக ஓட்டுநர் தேர்வில் தோற்றிருந்தாள்.

பல் டாக்டர் சாவி மாற்றக் கேட்டது சங்கத்தின் மாதக் கூட்டத்தில். டாக்டரின் வண்டி சாம்பல் நிறம், நீளம், கப்பல் மாதிரி. ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் உழைத்து அதை முடித்திருந்தார். முடித்ததுதான் அவருக்குக் கஷ்டமாகிவிட்டது.

"கை வைக்க ஒரு இடமில்ல சார். தேடித் தேடிப் பாத்துட்டேன். ஒரு ஆணி கூட ஆடல," என்றார். "உங்க வண்டியப் பாத்தா பொறாமையா இருக்கு. தலையிலருந்து கால் வரைக்கும் நோய்."

"ஓடுது."

"எங்க ஓடுது? நீங்க ஓட்டுறத விட மத்தவங்க தள்ளுற தூரம்தான் ஜாஸ்தின்னு சங்கத்துல பேசிக்கிறாங்க."

அன்று மாலை மகளிடம் போனில் சொன்னார்.

"அப்பா, இதுக்கு யோசிக்கிறீங்களா? கண்ண மூடிக்கிட்டு மாத்துங்க. அந்த டப்பாவக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தன வருஷம் அழுவீங்க? வழியில நின்னுட்டா யாரு இருக்கா உங்களுக்கு?"

"இருக்காங்க."

"யாரு?"

சலூன்காரர் என்று சொன்னால் சிரிப்பாள் என்று தோன்றியது. "ஏழு நாள் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

சாவி மாறியது.

சாம்பல் வண்டி சாவியை முதல் தடவை திருப்பியதுமே கிளம்பியது. இன்ஜின் ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. சிக்னலில் நின்றது, அணையவில்லை. கடைத்தெரு முனையிலும் அணையவில்லை. சலூன்காரர் வாசலில் நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார். யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டார். ஸ்டீயரிங்கிலிருந்து அவர் கையைத் தூக்குவதற்குள் தெரு முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு போனார். மருந்துக்கடையில் கூட்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே அணைக்கட்டு வரை ஓட்டினார். நாற்பது கிலோமீட்டர். நல்ல வண்டி. அதில் சந்தேகமே இல்லை. அணைக்கட்டில் இறங்கித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். வழியில் எங்கும் நிற்கவில்லை. நிற்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம், காலையிலிருந்து யாரிடம் என்ன பேசினோம் என்று யோசித்தார். தப்பான நம்பருக்குப் போன் செய்த ஒருவரிடம் "இல்லைங்க" என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான்.

ஆறாம் நாள் முடிவு எடுத்துவிட்டார். ஏழாம் நாள், அதை எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். 'உங்க வண்டி ரொம்ப நல்லா இருக்கு டாக்டர். அதான் வேண்டாம்.' சரியாக வரவில்லை. 'வேண்டாம்' மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்.

எட்டாம் நாள் காலை பல் டாக்டர் வீட்டு ஷெட்டில் கரும்பச்சை வண்டி நின்றது. டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"இடிச்சிட்டீங்களா?"

"அதவிட மோசம்." டாக்டர் ஒரு ஸ்டீல் தட்டை நீட்டினார். பல் பிடுங்கிப் போடும் தட்டு. அதில் கார்புரேட்டரின் கறுத்த ஜெட் ஒன்றும் ஸ்டார்ட்டரின் தேய்ந்துபோன புஷ் ஒன்றும் பஞ்சின் மேல் கிடந்தன. "சும்மா பாக்கத்தான் பானட்டத் தூக்கினேன். நாப்பது வருஷப் பழக்கம் சார். தெறந்த வாயப் பாத்தா கை சும்மா இருக்காது."

"ஸ்பேனர் படக்கூடாதுன்னு..."

"பட்டுடுச்சு. சங்கத்துல சொல்லிடாதீங்க, மானம் போயிடும். கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் ரெண்டுதான். வேற எதையும் தொடல, சத்தியமா. அடிப்பக்கம் முழுக்கத் துரு. வயரிங் எலி தின்ன மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு வருஷ வேலை அப்படியே பத்திரமா இருக்கு." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது டாக்டருக்கு முகம் மலர்ந்தது. "ஓட்டிப் பாருங்க. பாத்துட்டுச் சாயங்காலம் சொல்லுங்க."

அவர் சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பியது. நின்ற இடத்திலேயே, தும்மாமல், சீராக ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சத்தம் தன் வண்டிக்கு உண்டு என்று அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அதற்கான காரணம் இப்போது அந்தத் தட்டில் கிடந்தது. பழையதையே திரும்பப் போட்டுவிடுங்கள் என்று கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஏன் என்று டாக்டர் கேட்பார். வண்டியை வெளியே எடுத்தார்.

கடைத்தெரு முனையில் நிறுத்தினார். காத்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான்.

வலது பக்கம் திரும்பி, பள்ளிக்கூட மதிலை ஒட்டிச் சுற்றி, மறுபடி அதே முனைக்கு வந்தார். நின்றது, அணையவில்லை. மறுபடி சுற்றினார். தான் செய்வது தனக்கே கேவலமாக இருந்தது. மூன்றாவது சுற்றில் சலூன்காரர் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார்.

"என்ன தள்ளு சார், வழி மறந்துபோச்சா? இல்ல எங்கள வேவு பாக்குறீங்களா? ஒரு வாரமா ஆளையே காணோம்?"

"வண்டிய சரி பண்ணிட்டாங்க."

"அட, ஆமா! நிக்காம ஓடுது!" சலூன்காரர் தெருவைப் பார்த்துக் கத்தினார். "அக்கா! இங்க வாங்க, வண்டிக்கு உயிர் வந்துடுச்சு!"

லாண்டரி அக்கா வந்தார். மருந்துக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"என் இடுப்பு பொழச்சுது," என்றார் அக்கா.

"இனிமே நமக்கு இங்க வேலையில்ல," என்றார் மருந்துக்கடைக்காரர்.

மூவரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு யாருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. தள்ளாமல் பேசிப் பழக்கமில்லை. அவர் கியரைப் போட்டார்.

சலூன்காரர் மட்டும் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "உள்ள எப்படி சார் இருக்கும்?"

"எதுக்குள்ள?"

"வண்டிக்குள்ளதான். மூணு வருஷமா இதோட பின்பக்கத்த மட்டும்தான் பாத்துட்டு இருக்கோம்."

 அவர் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் உயரம். தன்னை மூன்றாக மடித்துக்கொண்டு உள்ளே போனார். "முட்டி காதத் தொடுது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அடுத்து லாண்டரி அக்கா. ஒரு காலை உள்ளே வைத்தார். மற்ற காலைத் தூக்க முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டார். திரும்பி, முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பார்த்தார். தலை கூரையில் இடித்தது.

"முன்னாடி உக்காருங்க அக்கா, நான் பின்னாடி போறேன்," என்றார் சலூன்காரர்.

"முன்னாடியும் இதே தாழ்வுதானே. உக்காந்தா எந்திரிக்க கிரேன் கூப்பிடணும். நீங்க போயிட்டு வாங்க. நான் நின்னு பாக்குறேன்."

போனார்கள். பள்ளிக்கூட மதில் வரை, அதே சுற்று. சலூன்காரர் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். தம்பி கடையைத் தாண்டும்போது முழங்கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டார். அவன் பார்த்தானா என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டிக்கொண்டே அவர் பின்பார்வைக் கண்ணாடியில் லாண்டரி அக்காவைப் பார்த்தார். நடைபாதை ஓரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, வண்டி போன திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். திருப்பம் வந்து மறைந்துபோனார்.

நான்கு நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் அக்கா.

"ராஜா மாதிரி," என்றார் சலூன்காரர்.

"கூண்டுக்குள்ள ராஜா," என்றார் மருந்துக்கடைக்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"கொடுத்து வச்சவங்க," என்று அக்கா சிரித்துக்கொண்டே கடைக்குள் போனார்.

வீட்டுக்கு வந்து பல் டாக்டருக்குப் போன் செய்தார்.

"தெரியும் சார், வேண்டாம்னுதானே சொல்லப் போறீங்க?" என்றார் டாக்டர். "நான் கை வச்சிருக்கக் கூடாது. நல்லா ஓடுற வண்டிய யாரு குடுப்பா?"

"மாத்திக்கலாம்."

"நிஜமாவா? ஏன் சார்?"

"உங்க வண்டிக்கு நாலு கதவு. சீட்டும் உயரம்."

"வீட்டுல நீங்க ஒருத்தர்தானே?"

"ஆமா," என்றார்.

அன்று சாயங்காலமே கரும்பச்சை வண்டியை ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். தாள்களில் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டீயரிங் முன் உட்கார்ந்து ஒரு தடவை கிளட்சை மிதித்தார். 'விடவா?' என்று கேட்க ஆளில்லாததால் தானே விட்டார். இறங்கினார். அவர் சாம்பல் வண்டியைப் பின்னுக்கு எடுப்பதற்குள் டாக்டர் பச்சை வண்டிக்கு அடியில் போய்விட்டார். கால்கள் மட்டும் தெரிந்தன.

மகளுக்குச் செய்தி அனுப்பினார். 'அப்பாடா' என்று பதில் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு லாண்டரி வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தார். அக்கா எட்டிப் பார்த்தார். தோளில் ஒரு குவியல் போர்வை இருந்தது.

"இது யாரு வண்டி?"

"என்னோடதுதான். உக்காந்து பாருங்க. குனியவே வேண்டாம்."

அக்கா வண்டியைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். "இப்பவா? லாட்ஜ் துணி மலையா கெடக்கு சார். மூணு மணி வரைக்கும் நகர முடியாது."

"மூணு மணிக்கு வரேன்."

"வருவீங்கள்ல?"

"வருவேன்."

அக்கா உள்ளே போனார். அவர் பின்கதவைச் சாத்தினார். மெதுவாகத் தள்ளினாலே மூடிக்கொண்டது. சலூனில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் யாருக்கோ மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.