ஷைஜுவுக்கு இந்த வருஷம் என்ன வேண்டும்

எங்கள் அறக்கட்டளை யாருக்கு, எதற்கு உதவுவது என்று எப்படி முடிவு செய்கிறது? ஒரு கல்லூரிப் பேராசிரியை ஆராய்ச்சிக்காக இதைக் கேட்டு வந்தாள். பொருளாளர் என் தம்பி ஹரிகுமார், ஆடிட்டர். ‘நீட்ஸ் அசெஸ்மென்ட்’, ‘இம்பாக்ட்’ என்று அரைமணி நேரம் அளந்துவிட்டான். அவளும் பயபக்தியோடு எழுதிக்கொண்டாள். செயலாளர் நான்தான், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பட்டம் கிடைக்காது.

உண்மை இவ்வளவுதான். மலையாள வருஷம் பிறக்கும் சிங்கம் ஒன்றாம் தேதி, சாலை என்ற கடைத்தெருவில் உள்ள எங்கள் அரிசி மண்டியின் மாடியில் அப்பா உட்கார்ந்திருப்பார். ஷைஜு என்பவன் படியேறி வருவான். “இந்த வருஷம் உனக்கு என்னடே வேணும்?” என்று அப்பா கேட்பார். அவன் ஏதாவது சொல்வான். அவன் வயதில் இந்த ஊரில் இருக்கும் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த வருஷம் அதுதான் கிடைக்கும்.

எட்டாம் வகுப்பில் ஷைஜுவுக்குக் கரும்பலகை தெரியவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் கொடுத்தோம். மறு வருஷம் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வந்தான். எலும்பு முறிந்த பிள்ளைகளின் சிகிச்சைக்கு உதவினோம். கணக்கில் தோற்றான், ஊருக்கே டியூஷன். பாலிடெக்னிக் சேர்ந்தான், அதற்கும் உதவித்தொகை. பத்திரிகையில் எங்கள் ‘தொலைநோக்கை’ப் பாராட்டி எழுதினார்கள். கொய்யா மரத்திலிருந்து விழுந்த தொலைநோக்கு அது. நான் அந்தச் செய்தியை வெட்டிக் கோப்பில் ஒட்டினேன்.

ஷைஜு எங்கள் சொந்தமில்லை. மண்டியில் மூட்டை தூக்கிய தாசையனின் மகன். பாறசாலைப் பக்கத்துக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். என் மகன் கோலப்பன் பிறந்த அதே வாரம் அவனும் பிறந்தான். இரண்டும் மண்டியில் சாக்குகளுக்கு நடுவே கண்ணாமூச்சி விளையாடும். அப்பா இரண்டுக்கும் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டு எடைமேடையில் நிறுத்தி எடை பார்ப்பார். ஒரே எடைதான் இருக்கும், சிரிப்பார்.

கோலப்பனை வீட்டில் அப்பு என்போம். ஆறு வயதில் டெங்கு வந்து செத்துப்போனான். அந்த வருஷம் ஊரெல்லாம் கொசு, ஊரெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளில் பலர் எழுந்து போனார்கள். என் பிள்ளை எழவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

காய்ச்சலுக்கு முந்தின வாரம்தான் அவனுக்கு முன்பல் விழுந்தது. அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், மண்டியின் ஓட்டுக்கூரை மேல் பல்லை எறியச் சொன்னார். புதுப்பல் சீக்கிரம் முளைக்குமாம். அப்பு நாள் முழுக்க நாக்கால் ஈறைத் தடவிக்கொண்டு, “முளைச்சுதா பாரு” என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த உடனே அப்பா வக்கீலைக் கூப்பிட்டார். அப்பா பகவதிப்பெருமாள் பிள்ளை ஒரு முடிவெடுத்தால், சாலைக் கடைத்தெருவுக்கே அது முடிவு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார், சமயத்தில் இரண்டே கால் என்றும் சொல்லுவார். அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ‘கோலப்பனுக்கு அந்தந்த வருஷம் என்ன வயதோ அந்த வயதுப் பிள்ளைகளுக்கே உதவி.’ வக்கீல் தயங்கி, ‘உயிரோடிருந்தால் என்ன வயது இருக்குமோ’ என்று எழுதட்டுமா என்று கேட்டார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். வக்கீல் சொன்னபடி எழுதினார்.

ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எங்கே போய்க் கேட்பது? அப்புவிடம் கேட்க முடியாது. அப்பா வியாபாரி, மாதிரிக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து முழு லோடையும் விலை பேசுகிறவர். ஷைஜுவை அள்ளிக்கொண்டார். அப்பு படித்த பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார். வருஷாவருஷம் கூப்பிட்டுக் கேட்டார்.

அப்பு செத்துவிட்டான் என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை. ‘அப்புக்கு இப்ப பத்து’, ‘அப்பு இந்த வருஷம் பிளஸ்டூ’ என்பார். நான் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்வேன். என் கணவர் இரண்டு வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஸ்கட்டுக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓடக் கால் இருந்தவர் ஓடினார்.

நான் ஓடவில்லை. அழவுமில்லை. முதல் வருஷங்களில் அழுகை வரும் என்று காத்திருந்தேன், பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்கும்? கிள்ளுவது தெரியும், வலிக்காது. அப்படித்தான் இருந்தேன். அலுவலகத்தில் என்னைப் போல ஒழுங்கான செயலாளர் கிடையாது என்று ஹரிகுமார் எல்லோரிடமும் சொல்வான்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அப்புவின் முகம் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடி அவனை நினைத்தால் மீசை முளைத்த முகம் வரும். கண்ணாடி போட்ட முகம். ஷைஜுவின் முகம். வருஷத்துக்கு ஒரு வயதாக அப்பா அவனை வளர்த்து வளர்த்து, என் ஆறு வயதுப் பிள்ளையை எங்கேயோ கொண்டுபோய் விட்டார். போட்டோ பார்த்தால் போட்டோதான் தெரிந்தது. எனக்கு என் பிள்ளை அந்த ஓட்டைப் பல்லோடு வேண்டும். அதைக் கேட்க எங்கள் அறக்கட்டளையில் மனு இல்லை.

இந்த வருஷம் ஆடியில் அஜிதா என்ற பெண் வந்தாள். பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருப்பவள். கொழுந்து கிள்ளப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முன்பு ஒரு அறையும் ஆயாவும் இருந்ததாம். இப்போது இரண்டும் இல்லை. தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். போன மாசம் ஒரு குழந்தை அணையாத அடுப்பில் கையை வைத்துவிட்டது. ஒரு அறையைச் சரிசெய்து, ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், பகலில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அப்பா முழுதும் கேட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்தக் குழந்தையின் கைக்கு மருந்துச் செலவு தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். பிறகு, “அந்த வயசு நமக்குக் கழிஞ்சு போச்சு கேட்டியா பிள்ளே” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குக் காப்பி கொடுத்து, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். மலைக்கு பஸ் கொஞ்சம்தானே, அவள் அவசரமாகப் படியிறங்கிப் போனாள். அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றியது. லயத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் என் ஆறு வயது அப்பு வாழ்ந்து பார்த்த வயதில் இருப்பவர்கள், அப்பாவின் வளர்ந்த அப்புவின் வயதுக்காரர்கள்தான் இல்லை.

இந்த வருஷம் என்ன என்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஷைஜுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஆர்ஷா, நெய்யாற்றின்கரையில் நர்ஸ். அப்பா தரையில் கால் பாவாமல் நடந்தார். ஏழை ஜோடிகளுக்கு மொத்தமாகக் கல்யாணம், எல்லா மதத்துக்கும். வேட்டி சேலைக்குச் சாலைக் கடைகளிலேயே சொல்லியாயிற்று. ஹரிகுமார் மண்டபம் பார்த்துவிட்டான். மேடையில் மாப்பிள்ளைகளுக்குத் தாய் ஸ்தானத்தில் நான் நின்று ஆசீர்வாதம் செய்ய வேண்டும் என்றார் அப்பா. “அப்புக்குக் கல்யாணம்லா” என்றார். சரி என்று குறித்துக்கொண்டேன். பட்டுச்சேலை கூட எடுத்தாயிற்று.

அதற்கு மறுநாள் ஷைஜுவைத் தேடிப் போனேன். அவன் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பின் வாசலில் நின்று பேசினோம். அஜிதா கேட்டதைச் சொன்னேன். அப்பா உன்னிடம் கேட்கும்போது குழந்தைகள் அறை வேண்டும் என்று சொல்லிவிடு, நீ சொன்னால் நடக்கும் என்றேன். கல்யாணம் ஆனால் பிள்ளை வரும், பிள்ளை வந்தால் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும், நியாயமாகத்தான் இருக்கும் என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லிக் கொடுத்தேன். அவன் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். முதலாளியிடம் இதுவரை பொய் சொன்னதில்லை அக்கா என்றான். செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் அவனை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், காரியம் என்றதும் போய் நின்றேன்.

சிங்கம் ஒன்று அன்று மழை. கீழே மண்டியில் லோடு இறங்கவில்லை, அமைதியாக இருந்தது. அப்பா புதுவேட்டி கட்டியிருந்தார். ஷைஜு வந்தான், வழக்கம்போல உட்காராமல் நின்றான். அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, இந்த வருஷம் உனக்கு என்னடே வேணும் என்று கேட்டார். பதில் தெரிந்த கேள்வி என்பதால் முகமெல்லாம் சிரிப்பு.

“ஒண்ணும் வேண்டாம் முதலாளி,” என்றான் ஷைஜு. “இதுவரை தந்தது மதி, உள்ளது போதும். எனக்கும் சம்பளம் உண்டு, அவளுக்கும் உண்டு. கல்யாணத்தை நாங்களே நடத்திக்கிடுவோம்.”

அப்பாவுக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். வெட்கப்படாதே, கேளு என்றார். உனக்கு இல்லாவிட்டாலும் உன் வயசுக்காரங்களுக்கு என்றார். ஷைஜு குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது, அவன் அதுவரை தொட்டதும் கிடையாது.

“கண்ணு தெரிஞ்சது உங்களாலதான். கை சேர்ந்தது உங்களாலதான். மறக்க மாட்டேன். ஆனா நான் தாசையன் மகன் ஷைஜுவாக்கும், முதலாளி.”

அவன் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அப்பா அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹரிகுமார் தொண்டையைச் செருமி, ஒரு கன்சல்டன்ட்டை வைத்து சர்வே எடுக்கலாம் என்று ஆரம்பித்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இனி நான் யார்ட்டப் போய் கேப்பேன்?”

அது எங்களிடம் கேட்டது இல்லை. ஆனால் நான் பதில் சொன்னேன்.

“என்கிட்ட கேளுங்கப்பா.”

அவர் திரும்பினார். நான் அங்கே உட்கார்ந்திருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி பார்த்தார். இத்தனை வருஷக் கூட்டங்களில் என்னிடம் அவர் தேதி கேட்டிருக்கிறார், கையெழுத்து கேட்டிருக்கிறார், மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டிருக்கிறார்.

“உனக்கு என்ன வேணும் பொன்னம்மை?”

“அப்பு செத்துப்போனான்னு நீங்க ஒரு தடவை சொல்லணும்.”

ஹரிகுமார் எழுந்து நின்றுவிட்டான். அக்கா, ப்ளீஸ் என்றான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. சொல்லிவிட்டோமே என்ற பயம்கூட எனக்கு வரவில்லை. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா தலையை உயர்த்தி ஓட்டைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். நான் கேட்டதை அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. சரி, இதுவும் குறிப்பில் ஒரு வரி என்று பேனாவை மூடப் போனேன்.

“அந்தப் பொன்முடிப் பிள்ளை என்ன கேட்டா?” என்றார்.

சொன்னேன். அறை, ஆயா, பூட்டிய கதவு, அடுப்பு. எல்லாவற்றையும் முதன்முறை கேட்பதுபோலக் கேட்டார். கல்யாண மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடு என்று ஹரிகுமாரிடம் சொன்னார். அது பத்திரத்துக்கு விரோதம், வயது பொருந்தாது என்றான் அவன். வக்கீலை வரச்சொல்லுடே என்றார்.

பிறகு என்னிடம் கையை நீட்டி, குறிப்பேட்டைக் காட்டினார்.

“எழுது மக்ளே. ஆறு வயசு வரைக்கும்னு எழுது.” வாய்க்குள் நாக்கு ஈறைத் தடவியது வெளியே தெரிந்தது. “அதுக்கு மேல நமக்கு என்ன தெரியும்? அந்தப் பல்லு முளைச்சதுகூட நாம பாக்கல்லியே.”

எழுதினேன். ‘ஆறு’ என்று எழுதியதும் எழுத்து கலங்கிவிட்டது, கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே பார்த்தேன். கூரை ஒழுகவில்லை.