குண்டு வழுக்கிய தரை

அப்பா நாற்பது வருஷம் யார் யார் வீட்டுத் தரைக்கோ மெருகு போட்டவர். சொந்தக் கூடத்தைச் சும்மா விடுவாரா? அந்த மொசைக் தரையில் முகம் பார்த்தே அம்மா தலை வாரிக்கொள்வாள். அம்மா போன பிறகும் ஞாயிறு தவறாமல் மெருகு மிஷினை ஓட்டினார். பேச்சுதான் நின்றுபோயிற்று.

மகளால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கெங்கோ விசாரித்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்தாள். பெரிய ஜாதி, நாலாம் மாதமே கன்றுக்குட்டி மாதிரி நின்றது. குண்டு என்று கூப்பிட்டார்கள். மகள் மட்டும் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது, டாக்டரம்மா அதன் பின்னங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“இடுப்பு மூட்டு பிறவியிலேயே கொஞ்சம் தளர்வா இருக்கு. இப்ப வளர்ற எலும்பு. வழுக்குற தரையில ஓடவிடாதீங்க, பாய் விரிச்சுடுங்க. பந்து வீசுறது, தாவுறது, மாடிப்படி எதுவும் ஒன்றரை வயசு வரைக்கும் வேணாம். மண்ணுல மெதுவா நடக்கட்டும், போதும்.”

குண்டுவை வீட்டில் விட்டுவிட்டு, அப்போதே கடைக்குப் போய் நாலு ரப்பர் பாய் வாங்கினாள். திரும்பி வந்தால் வாசல்வரை சிரிப்புச் சத்தம். அப்பா பந்தை உருட்ட, குண்டு பாய்ந்து ஓடி, நிற்கத் தெரியாமல் பிட்டத்தில் உட்கார்ந்தபடியே சுவர்வரை சறுக்கிப் போனது.

“பாத்தியா பாப்பா என் மெருகை! இவனுக்கு பிரேக்கே பிடிக்கல! உங்கம்மா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.”

அம்மா போய் ஏழு மாதம் கழித்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. பாய்க்கட்டைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நாளைக்கு வர மூன்று மாதம் பிடித்தது. தினமும் பந்து, தினமும் சறுக்கல், தினமும் சிரிப்பு. குண்டு நொண்டுகிறதோ என்று ஒருநாள் தோன்றியது; தூக்கக் கலக்கம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

ஒரு காலையில் குண்டுவால் பின்பக்கத்தைத் தூக்கவே முடியவில்லை. முன்னங்காலால் இழுத்து இழுத்துப் பந்திடம் போனது.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார். “பாய் விரிச்சீங்களா, இல்லையா?”

“என்ன பாய்?” என்றார் அப்பா.

ஆட்டோவில் திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். “நீங்க சிரிச்சீங்கப்பா. அதான் வாய் வரல.” ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் குண்டுவை மடியில் மாற்றிப் படுக்கவைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வீட்டில் அவள் பாய்க்கட்டை இழுத்து வந்தாள். “பாய்க்கும் பாய்க்கும் நடுவுல இருக்குற சந்துல வழுக்கும்” என்றவர், மிஷினைத் திறந்து கரடுமுரடான கல்லை மாட்டினார். புதுத் தரையின் மேடுபள்ளத்தை முதலில் வெட்டுகிற கல் அது; மெருகையே சுரண்டிவிடும். தண்ணீர் ஊற்றி ஓட்டினார். சாம்பல் நிறச் சேறு கூடமெங்கும் ஓடியது. சாயங்காலத்துக்குள் அம்மா முகம் பார்த்த தரை போய்விட்டது. மகள் சேற்றை அள்ளிக்கொண்டே அழுதாள்.

தரை காய்ந்ததும், டாக்டரம்மா போட்ட ஊசியில் வலி கொஞ்சம் அடங்கியிருந்த குண்டு தட்டுத்தடுமாறி எழுந்தது. வழுக்கவில்லை. நொண்டி நொண்டி வந்து, பந்தை அப்பாவின் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது.

அவர் பந்தை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தார்.

“போதும்டா தங்கம். எனக்குச் சிரிப்பு மூட்டினது போதும்.”

குண்டு அலமாரியையே பார்த்தபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.